ஐந்தெழுத்தும் உள்ளத்து உணர்ச்சிகளும்

மந்திரத்தை உருவேற்றிக்கொண்டு தியானத்தில் அமர்ந்து, அப்பொழுது உள்ளத்தின்கண் எழும் கோபம், துயரம், அச்சம் முதலியவற்றை ஒவ்வொன்றாக நோக்கி ஆராய்ந்தறிதல் ஒரு பெரும் பயிற்சியென இக்காலத்துப் பலராலும் பேசப்படுகின்றது. அதனை மேற்கொள்வாருள் சைவ மரபிற் பிறந்தோரும் உளர்; அவர் கையாளும் மந்திரம் திருவைந்தெழுத்தே. ஆதலின் அப்பயிற்சி நம் சாத்திரத்தோடு எவ்வளவிற் பொருந்துகின்றது, எவ்விடத்து மாறுபடுகின்றது என ஆராய்தல் இவ்விதழ் அன்பர்க்குப் பயனுடைத்தாம். இகழ்தற்கென எழுந்ததன்று இக்கட்டுரை. அப்பயிற்சியிற் கொள்ளத்தக்கதும் உண்டு, தள்ளத்தக்கதும் உண்டு. இரண்டனையும் பிரித்துக் காட்டுதலே எம் கருத்து.

இவ்வாராய்ச்சிக்கு ஏதுவான நிகழ்ச்சி ஒன்றை முதற்கண் கூறுதல் தகும். சென்ற மார்கழித் திங்களில், திருவாதிரைக்கு முன்னாள் மாலை, முன்னர் எம்மிடம் பாடங் கேட்ட மாணவர் ஒருவர் எம்மைக் காண வந்தார். அவர்க்கு வயது ஐம்பதுக்கு மேலாயிற்று. இளமையிலேயே சமய தீக்கை பெற்றவர். நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தபின், தாம் நாடோறும் வைகறையில் எழுந்து திருவைந்தெழுத்தை எண்ணிக்கொண்டே தம் கோபத்தை நோக்கி வருவதாகக் கூறினார். தமையனாருக்கும் அவருக்கும் பூர்விக வீட்டின் பாகத்தைப்பற்றி மனவேறுபாடு நேர்ந்திருந்தது. அதனால் விளைந்த கோபம் நெஞ்சின் எப்பாகத்தில் எழுகின்றது, எவ்வளவு நேரம் நிற்கின்றது, எந்தச் சொல்லை நினைத்தால் வளர்கின்றது, எப்பொழுது தணிகின்றது என்பனவற்றையெல்லாம் ஏடு பார்த்துச் சொல்வார்போல எடுத்துரைத்தார். யாம் வியந்தேம். "தமையனாரைப் பார்த்தாயா, அப்பா?" என வினவினேம். "பார்த்து மூன்று ஆண்டுகள் ஆயின, ஐயா" என்றார்.

அவ்விடை எம் உள்ளத்திற் பதிந்தது. ஒருவன் தன் கோபத்தை மூன்று ஆண்டுகளாக மந்திரத்தோடு நோக்கியிருந்தும், அக்கோபத்தால் விளைந்த பிரிவு அவ்வாறே நிற்குமாயின், அவன் நோக்கியது யாது? மந்திரம் செய்தது யாது? இவ்விரு வினாக்களே இக்கட்டுரையின் பொருள்.

இப்பயிற்சி வந்த வரலாற்றைச் சுருக்கிக் கூறுதும். மந்திர செபம் நம் நாட்டில் தொன்றுதொட்டு வருவது. அதனைச் சமய ஒழுக்கத்தினின்றும் பிரித்து, எச்சமயத்தாரும் செய்தற்குரிய எளிய பயிற்சியாக உலகெங்கும் பரப்பியவருள் மகேஷ் யோகியார் முதன்மையானவர். அவர்தம் இயக்கம் தொடங்கப்பெற்றது நம் சென்னையிலேயாம். ஆண்டு 1957இன் இறுதி. பின்னர் அமெரிக்க நாட்டு இருதய வைத்தியராகிய ஹெர்பர்ட் பென்சன் என்பார் அப்பயிற்சி செய்வாருடைய உடலைச் சோதித்து, மூச்சுத் தணிதலையும் உடல் செலவிடும் பிராணவாயு குறைதலையும் கண்டார். 1975ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் அவர், இப்பயனைப் பெறுதற்குக் குறித்ததொரு மந்திரம் வேண்டுவதில்லை என்றும், 'ஒன்று' எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லை மூச்சு விடுந்தோறும் நினைப்பினும் அமையும் என்றும் எழுதினார். மேனாட்டு உளநூன் முறைகளும் இதனோடு கலந்தன. உடல் அமைதி பெறுதலோடு நில்லாது, அவ்வமைதியிலிருந்து தன் உணர்ச்சிகளைத் தானே ஆராய்தலும் பயனென வைக்கப்பட்டது.

அவர் கொள்கையை மூன்றாகத் தொகுக்கலாம். மந்திரம் என்பது உள்ளத்தை ஒருவழி நிறுத்தி அதனைக் காட்டுவதொரு விளக்கு என்பது ஒன்று. அவ்விளக்கு எதுவாயினும் ஆகுக, எச்சொல்லும் அப்பணியைச் செய்யும் என்பது இரண்டு. உணர்ச்சியை உள்ளவாறு அறிதலே அதனினின்றும் விடுபடுதலாம் என்பது மூன்று. இவற்றை முறையே ஆராய்வாம்.

அதற்குமுன் சொல்லைப்பற்றி ஒரு சிறிது கூறல் வேண்டும். கோபம், துயரம், அச்சம் என்பவற்றை 'உணர்ச்சி' என்னும் சொல்லால் வழங்குதல் பிற்கால வழக்கு. நம் சாத்திரங்களில் உணர்தல் என்பது அறிதலையும், உணர்வு என்பது அறிவையுமே பெரிதும் குறிக்கும். தொல்காப்பியர் இக்காலத்தார் உணர்ச்சி என்பவற்றை மெய்ப்பாடு எனப் பெயரிட்டு, நகை முதல் உவகை ஈறாக எட்டாக வகுத்து, ஒவ்வொன்றற்கும் நந்நான்கு நிலைக்களங்களும் கூறினார். அழுகைக்குக் கூறிய நான்கனுள் இழவு ஒன்று. வெகுளிக்குக் கூறிய நான்கனுள் குடிகோள் ஒன்று. ஆகவே உணர்ச்சிகளை வகைப்படுத்தி, அவை எதனிடத்தே பிறக்கும் என ஆராய்தல் தமிழர்க்குப் புதிதன்று. ஆயின் ஒரு சொல் இரு பொருளுக்கு வந்தமையால் ஒரு மயக்கம் நேர்கின்றது. 'உணர்ச்சியை அறிந்தேன்' என்பான் அறிவையே அறிந்ததாக எண்ணிக்கொள்கின்றான். அவன் அறிந்தது அறியப்படும் பொருள்களுள் ஒன்றையே, அறிகின்ற உயிரையன்று. இவ்வேறுபாடு பின்னர்ப் பயன்படும்.

இனி முதற் கொள்கை. மந்திரம் உள்ளத்தைக் காட்டும் விளக்கு என்பதில் உண்மை உண்டோ எனின், உண்டு. மெய்கண்டதேவர் சிவஞானபோதத்து நான்காஞ் சூத்திரத்தில் மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்னும் அந்தக்கரணங்களை எடுத்துக்கொண்டு, உயிர் இவற்றுள் ஒன்றன்று என்றும், அரசன் அமைச்சரோடு கூடித் தொழிற்படுமாறுபோல இவற்றோடு கூடிநிற்பது என்றும் நிறுவினார். அவ்விடத்தே பிரணவத்தையும் கூறினார். அகரம் அகங்காரத்துக்கும், உகரம் புத்திக்கும், மகரம் மனத்துக்கும், விந்து சித்தத்துக்கும், நாதம் உயிரறிவுக்கும் உரியனவாக அங்கே வகுக்கப்பட்டன. இவற்றால் எழும் அறிவுகள் கடலில் அலை எழுந்து மடிதல்போல எழுந்து மடிவன என்பதும் அவ்விடத்துப் பெறப்படும். மந்திரத்தின் எழுத்துக்களைக்கொண்டே உள்ளத்தின் நிகழ்ச்சிகளைப் பகுத்துணர்தற்கு இதனினும் தெளிந்த இடம் வேறில்லை.

இதனை எம் மாணவர் கோபத்திலேயே வைத்துக் காண்க. தமையனார் என்றோ சொன்ன ஒரு சொல் அவர் நினையாதிருக்கும்பொழுது வந்து தோன்றுகின்றது. இது சித்தத்தின் செயல். 'அச்சொல் என்னைக் குறித்ததோ அன்றோ' என அதனைப் பற்றி ஐயுறுகின்றது மனம். 'என்னையா இவ்வாறு கூறினார்' என எழுகின்றது அகங்காரம். 'அவர் எனக்குப் பகைவரே' எனத் துணிகின்றது புத்தி. முக்குணங்களுள் இராசதம் மிக, உடலும் வெதும்புகின்றது. இவ்வளவும் இமைப்பொழுதில் நிகழ்ந்துவிடுதலின், 'நான் கோபிக்கின்றேன்' என்ற ஒன்றாகவே அவர்க்குத் தோன்றுகின்றது. அதனைக் கூறுகூறாகப் பிரித்துக் காண்பானாயின், 'இக்கோபம் நானன்று. கருவிகளின் தொழில்' என்னும் தெளிவு ஒருவாறு உண்டாம். இஃதொரு நன்மையே.

அருணந்தி சிவாசாரியார் இருபா இருபஃதில் இன்னும் நுட்பமாகச் சென்றார். ஆணவம், மாயை, கன்மம் என்பவற்றின் குணங்களைத் தனித்தனியே எண்ணிக்காட்டினார். ஆணவத்தின் குணங்கள் எட்டென்று கூறி, குரோதம், மோகம், மதம் முதலியவற்றை அவற்றுள் வைத்தார். தம் உள்ளத்தின் மாசுகளை ஒருவர் இவ்வளவு கூர்ந்து பார்த்த நூல் அரிதே. ஆயின் அந்நூலின் நடையை நோக்குதல் வேண்டும். அது தன்னந்தனியே இருந்து தன்னை ஆராய்வானுடைய மொழியன்று. தம் ஆசிரியராகிய மெய்கண்டாரை முன்னிலைப்படுத்தி வினாவும் மொழி. 'இவை என்னிடத்தே எவ்வாறு வந்தன, நீ என்னிடத்தே எவ்வாறு நின்றாய்' என்னும் முறையிலேயே நூல் நடக்கின்றது. உணர்ச்சிகள் அங்கே பார்க்கப்படுகின்றன. ஆயின் பார்ப்பவர் முகம் ஆசிரியரை நோக்கியிருக்கின்றது. புதுநெறியார் விட்டது இவ்வொன்றையே. அவர் விட்டது சிறிதென்று தோன்றும்; அதனாலேயே எல்லாம் வேறாயிற்று.

எவ்வாறெனிற் கூறுதும். உண்மைநெறி விளக்கம் முதலிய நூல்கள் கூறும் தசகாரியத்தை அன்பர்கள் அறிவர். தத்துவரூபம், தத்துவதரிசனம், தத்துவசுத்தி. ஆன்மரூபம், ஆன்மதரிசனம், ஆன்மசுத்தி. சிவரூபம், சிவதரிசனம், சிவயோகம், சிவபோகம் என அவை பத்து. 36 தத்துவங்களின் இயல்பை ஒவ்வொன்றாக அறிதல் தத்துவரூபம். அவை சடம் எனக் காணுதல் தத்துவதரிசனம். திருவருளால் அவற்றினின்றும் நீங்குதல் தத்துவசுத்தி. கோபம் எங்கே எழுகின்றது, எவ்வளவு நிற்கின்றது என நோக்கியறிதல் இப்பத்தனுள் எதன்பாற்படும்? தத்துவரூபத்தின் ஒரு பகுதியாகும். மிக்குச் செல்லின் தத்துவதரிசனத்தின் வாயிலைத் தொடும். பத்துப் படிகளுள் முதற்படியில் கால்வைத்தான் ஒருவனை, 'ஏறவேண்டிய அனைத்தும் ஏறினாய்' என்று கூறுதல் அவனுக்கு நன்மையாகாது. அவன் அங்கேயே இருந்துவிடுவான்.

அன்றியும், அறிபவன் யாவன் என்னும் வினா ஒன்று நிற்கின்றது. கண் பிறவற்றைக் காணும், தன்னைக் காணமாட்டாது. பிறவற்றைக் காண்பதும் உயிரும் ஒளியும் துணைசெய்தவழியே. அவ்வாறே உயிரும் தானே தனித்து நின்று அறிவதில்லை, அறிவிக்க அறிவது. இஃது ஐந்தாஞ் சூத்திரத்தின் துணிவு. 'யான் என் கோபத்தை மந்திரமாகிய விளக்கால் காண்கின்றேன்' என்பானிடத்து, கோபத்தினும் நுண்ணியதாய் 'யான் காண்கின்றேன்' என்னும் முனைப்பு எஞ்சி நிற்கின்றது. கோபத்தை ஆராய்ந்தவன் அம்முனைப்பை ஆராய்ந்திலன். ஆராயவும் அவனால் இயலாது, ஆராய்வதே அதுவாகலின். பாசஞானத்தாலும் பசுஞானத்தாலும் பதியை அறியலாகாது என ஒன்பதாஞ் சூத்திரத்தில் ஆசிரியர் கூறியதன் கருத்து இங்கே விளங்கும். கருவிகளைப் பற்றிய அறிவு பாசஞானம். 'அவற்றைக் கண்ட யானே தலைவன்' என நிற்பது பசுஞானம். புதுநெறி ஒருவனை முன்னதினின்றும் எடுத்துப் பின்னதில் விடுகின்றது.

இரண்டாங் கொள்கை, எச்சொல்லும் அமையும் என்பது. இதனை எளிதிற் புறக்கணித்தலாகாது. பென்சன் கண்டது உடலிற் காணப்பட்ட மெய்ம்மை. எச்சொல்லை உருவேற்றினும் மூச்சுத் தணியுமென்றால் தணிவதாகுக. அதனை மறுத்தற்கு நமக்கு யாதும் இல்லை. ஆயின் அதனாற் பெறப்படுவது யாது? அவ்வமைதி மந்திரத்தின் பயனன்று, உடலின் இயல்பு என்பதே பெறப்படும். எல்லாச் சொற்கும் பொதுவாகிய பயன் ஒரு சொற்குச் சிறப்பாதல் இல்லை. ஆகவே 'செபித்தேன், அமைதி பெற்றேன்; ஆதலின் மந்திரம் பலித்தது' என்று நம்மவர் மகிழ்தற்கு அவ்வாராய்ச்சி இடந்தரவில்லை. அமைதியை மந்திரத்துக்கு அளவுகோலாகக் கொள்ளற்க என்று அது நமக்கே அறிவுறுத்துகின்றது. இவ்வகையில் அம்மருத்துவர்க்கு நாம் நன்றி கூறுதற்குரியோம்.

மந்திரத்துக்குத் தொல்காப்பியர் செய்யுளியலில் இலக்கணங் கூறியவிடத்து, அதனை நிறைவுடைய சான்றோரது ஆணையோடு சேர்த்தே கூறினார். ஓசையை நோக்கினாரல்லர்; சொல்லினாரையும் அவர்தம் ஆணையையும் நோக்கினார். ஆணையாவது ஒருவர்பால் வருவது, நாமே ஆக்கிக்கொள்வதன்று. குருமுகமாகப் பெறுதல் வேண்டும் என்னும் சைவ விதியும் இதனோடொப்பது. ஆறுமுக நாவலர் சைவ வினாவிடையுட் பஞ்சாக்கரத்தைக் கூறுமிடத்து உரை, மந்தம், மானதம் எனச் செபத்தின் வகைகளையும், செபமாலை முதலியவற்றையும் விரித்தோதினார். இவ்வளவு விதிகள் எதன்பொருட்டு? செபிப்பவன் தான் ஒரு கருவியைக் கையாள்வதாக எண்ணாது, தான் ஓர் ஆணையின்கீழ் நிற்பதாக எண்ணுதற்பொருட்டே. வாள் வீசுவானுக்கு வாள் கருவி. மந்திரம் ஓதுவானுக்கு மந்திரம் அவ்வாறன்று, ஓதுவானே அதற்குரியனாகின்றான்.

இனி, திருவைந்தெழுத்தின் பொருளையே நோக்குதும். உமாபதி சிவாசாரியார் திருவருட்பயனில் ஒன்பதாம் அதிகாரத்தை இதற்கென்றே வைத்து, ஐந்தெழுத்தருள்நிலை எனப் பெயரிட்டார். நகரம் திரோதம், மகரம் மலம், சிகரம் சிவம், வகரம் அருள், யகரம் உயிர். சிவாயநம எனும் சூக்கும ஐந்தெழுத்தில் யகரம் நடுவே நிற்கும். அதற்கு ஒருபால் சிகர வகரம். மற்றொருபால் நகர மகரம். ஒருபால் ஊன நடம், ஒருபால் ஞான நடம், இடையே உயிர். மறைப்பும் மலமும் விரிந்து பற்றியிருக்குங்காறும் உயிர் அருளின்பாற் திரும்பமாட்டாது. சிவத்தை முதலாகக்கொண்டு அமையின் பிறவி தீரும். இஃதே அவ்வதிகாரத்தின் உள்ளுறை. திருமூல நாயனாரும் ஒன்பதாம் தந்திரத்துள் தூலம், சூக்குமம், அதிசூக்குமம் என ஐந்தெழுத்தை மூன்றாக வைத்துக் கூறினார். எழுத்துக்கள் முறை மாறுதலும் சுருங்குதலும் உயிரின் நோக்கு மாறுதலையே காட்டும்.

இங்கே எம் மாணவர் நின்ற நிலையை வைத்துப் பார்க்க. அவர் வாய் சிவத்தை முன்னும் மலத்தைப் பின்னும் வைத்து ஓதுகின்றது. உள்ளமோ மலத்தின் காரியமாகிய கோபத்தையே கண்ணிமையாது நோக்குகின்றது. யகரம் நகர மகரங்களின் பக்கலே முகம் வைத்து, அவற்றின் நீள அகலங்களை அளந்துகொண்டிருக்கின்றது. சிகர வகரங்களோ அவ்வளத்தற்கு விளக்குப் பிடிக்கும் ஏவலாட்களாக வைக்கப்பட்டன. ஐந்தெழுத்தை ஓதியும் ஐந்தெழுத்தின் பொருளுக்கு மறுதலையான நிலை இது. புதுநெறியின் குற்றம் யாதென்று எம்மை ஒரு சொல்லிற் கூறச் சொன்னால், இதனையே கூறுவேம்: அது யகரத்தை நகர மகரத்தில் வல்லுநனாக்குகின்றது.

மூன்றாங் கொள்கை, அறிதலே விடுதலையாம் என்பது. சிவஞானபோதத்து ஒன்பதாஞ் சூத்திரம் இதற்கு நேரே விடை கூறுகின்றது. ஞானம் விளங்கிய பின்னரும் ஐந்தெழுத்தை விதிப்படி எண்ணுக என்று அங்கே கூறப்பட்டது எற்றுக்கு? ஞானம் வந்தபின் செபம் மிகையன்றோ என்பது வினா. வேம்பிற் பழகிய புழுவை ஆசிரியர் உவமையாக வைத்தார். அப்புழுவைக் கரும்பிலே விடினும் அது மீட்டும் வேம்பையே நாடும் என உரைப்பர். வேம்பின் கைப்பையும் கரும்பின் இனிப்பையும் அது சுவைத்தறிந்தது. அறிந்தும் பழக்கம் இழுக்கின்றது. உயிரும் அவ்வாறே, அறிந்தபின்னும் தான் முன் நோக்கியதனையே நோக்கும். அப்பழக்கத்தை மாற்றுதற்கே ஐந்தெழுத்து. இதனால், அறிதல் ஒன்று, வாசனை தீர்தல் மற்றொன்று என்பது தெளிவாம். கோபத்தை அறிந்தவன் மூன்று ஆண்டுகள் தமையனைக் காணாதிருத்தல் இவ்வுவமையிற் புழுவின் செயலே. இன்னும் ஒன்று: வேம்பை ஆராய்தற்கென்று நாடோறும் வேம்பினிடத்தே செல்லும் புழு வேம்பின் பழக்கத்தை விடுதல் யாங்ஙனம்?

அஃதேல், சைவம் உணர்ச்சிகளை ஒழிக்கச் சொல்கின்றதோ, மரம்போலிருத்தலோ அதன் முடிபு எனச் சிலர் வினவுவர். அற்றன்று. திருஞானசம்பந்தப் பிள்ளையார் நல்லூர்ப்பெருமணத்தில் அருளிய நமச்சிவாயத் திருப்பதிகத்தை எண்ணுக. அன்பும் கசிவும் கண்ணீரும் அங்கே ஓதுதலுக்கு அடையாக முன்வந்து நிற்கின்றன. உலர்ந்த உள்ளத்தோடு ஓதுதல் அவர்க்குக் கருத்தன்று. திருநாவுக்கரசு நாயனார் வரலாற்றையும் எண்ணுக. கல்லோடு பிணித்துக் கடலிற் தள்ளப்பட்டவிடத்து அவர் ஓதியது ஐந்தெழுத்துப் பதிகம். அச்சத்துக்கு அதனினும் பெரிய நிலைக்களம் வேறுண்டோ? அந்நிலையில் அவர் தம் அச்சத்தை நோக்கி, அஃது எங்கே பிறந்தது என்று வினவியதாகச் சேக்கிழார் கூறவில்லை. நமச்சிவாய என்னும் பெயரையே துணையாகப் பற்றினார், கல் தெப்பமாயிற்று, திருப்பாதிரிப்புலியூரில் கரையேறினார். உணர்ச்சி அங்கே கொல்லப்படவுமில்லை, ஆராயப்படவுமில்லை, திருப்பப்பட்டது. ஆறு கடலை நோக்கிச் செல்லுதற்கு அதன் நீரை வற்றச் செய்தலும் வேண்டா, அளந்துகொண்டிருத்தலும் வேண்டா.

இதனை நூலறிவு மாத்திரையாற் கூறுகின்றேமல்லேம். பன்னிரண்டு ஆண்டுகளுக்குமுன் அடியேன் வாழ்க்கைத்துணையை இழந்தேன். நாற்பதாண்டுகள் பிறர்க்குச் சாத்திரம் கற்பித்தவன் என்னும் எண்ணம் அப்பொழுது ஒரு துணையும் செய்யவில்லை. விடியலிற் செபத்துக்கு அமர்வேன். செபமாலை கையில் உருளும். நெஞ்சு அவள் விளக்கேற்றி வைக்கும் மாடத்தையும், துலக்கிக் கவிழ்த்து வைக்கும் செம்பையும் எண்ணிக்கொண்டிருக்கும். 'இன்று துயரம் எவ்வளவு? நேற்றினும் குறைந்ததா, மிகுந்ததா?' என நாடோறும் நானே என்னை வினவுவேன். அதுவே தவம் என்றும் நினைத்தேன். ஓராண்டு சென்றது. துயரத்தைப்பற்றி நிறைய அறிந்தேன். துயரம் அணுவளவும் அசையவில்லை. திருமுன் வைத்த செபமாலையைக்கொண்டு என் துயரத்துக்கே பூசை செய்திருக்கின்றேன் என்பது பின்னரே விளங்கிற்று.

விளங்கியதும் ஆராய்ச்சியால் அன்று. கார்த்திகைத் திங்களொருநாள், எண்ணம் 108 நிரம்பி மாலையைக் கீழே வைத்தபொழுது, அன்று துயரத்தை வினவ மறந்தேன் என்பது நினைவுக்கு வந்தது. அவ்வளவே. அதன்பின் வினவுதலை விட்டேன். துயரம் போயிற்றில்லை, இன்றும் சில நாட்களில் வருகின்றது. ஆயின் நான் அதற்குக் காவலாளியாய் இருந்தது போயிற்று. இதனைப் பெரியதொரு அனுபவமாக எழுதினேமல்லேம். முதற்படியிலேயே ஓராண்டு இருந்துவிட்டவன் அவ்வழியே வருவார்க்குச் சொல்லத்தக்க செய்தியாகவே எழுதினேம்.

எம் மாணவர்க்கும் இதனையே கூறினேம். "செபம் முடியும்வரை கோபம் வரினும் வராதொழியினும் அதனை ஒன்றும் கேளாதே. எண்ணுவது திருநாமம், எண்ணப்படுவோன் சிவன் என்று இரு. முடிந்ததும் எழுந்து செய்யவேண்டிய கடமையைச் செய்" என்றேம். சிவனோடொன்றி அவன் பணியில் நிற்றலால் மல மாயை கன்மங்கள் நீங்கும் என்பது பத்தாஞ் சூத்திரத்தின் பயன். இறைபணி என்பது திருக்கோயிலில் அலகிடுதலும் மெழுகுதலும் மட்டுமன்று. முறிந்த உறவினிடத்து முதலிற் சென்று நிற்றலும் அதன்பாற்படும். அவர் ஒன்றும் விடை கூறாது வணங்கிச் சென்றார்.

பங்குனியில் அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. தமையனார் வீட்டுக்குச் சென்றதாகவும், அவர் வெளியூர் போயிருந்ததாகவும், அண்ணியார் மோர் கொடுத்து இருக்கச் சொன்னதாகவும், சிறிது நேரம் இருந்து மீண்டதாகவும், மறுபடியும் செல்லப்போவதாகவும் எழுதியிருந்தார். கோபம் தீர்ந்துவிட்டதென்று எழுதவில்லை. அதன் அளவையும் அக்கடிதத்தில் எழுதவில்லை.

இதுகாறும் கூறியவற்றால், உணர்ச்சிகளை மந்திரத்தோடு நோக்கியறிதல் சாத்திரத்துக்கு முழுதும் புறம்பானதன்று என்பதும், அது தசகாரியத்துள் முதற்படியின் ஒரு பகுதியே என்பதும், மந்திரம் நம் கைக்கருவியாகாது திருவருளின் வடிவாகும் என்பதும், அறிதலோடு அமையாது உயிர் அருளின்பாற் திரும்புதலே வேண்டற்பாலது என்பதும் பெற்றாம். இப்பயிற்சியால் நன்மை கண்டோர் அதனை விடவேண்டுவதில்லை. அதிலேயே நின்றுவிடாதிருத்தல் வேண்டும். உமாபதி சிவாசாரியார் தம் நெஞ்சைப்பற்றி ஒரு நூல் செய்தருளினார். அதற்கு அவரிட்ட பெயர் நெஞ்சுவிடு தூது. அந்நெஞ்சை அவர் தம் ஆசிரியரிடத்துத் தூதாக விடுத்தார். நம் நெஞ்சும் ஆராய்ச்சிப் பொருளாக நம்மிடமே கிடத்தலினும், செல்லவேண்டிய இடத்துக்குச் செல்லுதல் நன்று.

திருச்சிற்றம்பலம்.